சாமி இறங்கும் பள்ளமும் எங்கள் ஆற்றுக் கிணறும்

சித்திரை இருபத்தொன்று, சனிக்கிழமை. காலை ஆறு மணி பத்து நிமிடம். காற்று துளியும் இல்லை. கிழக்கே சிறுமலைக்கு மேல் ஒரு துண்டு மேகம்கூடக் கிடையாது. வெயில் ஏறுவதற்கு முன்பே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. ஆற்றுக் கிணற்றின் விளிம்பில் குனிந்து அளவு நாடாவை இறக்கினேன். நுனியில் கட்டிய பித்தளைக் குண்டு தண்ணீரைத் தொட்டு ‘டப்’ என்றது. அளவைப் படித்தேன். நம்பாமல் மறுபடி இறக்கினேன். மூன்றாம் முறையும் அதே அளவுதான். சல்லடைக்கு மேலே ஐந்தடி இரண்டங்குலம்.

சல்லடை என்பது கிணற்றின் அடியில், பம்பு தண்ணீரை உறிஞ்சும் வாயில் மாட்டியிருப்பது. அதற்கு மேலே ஓரடித் தண்ணீராவது நிற்க வேண்டும். அதற்குக் கீழே போனால் பம்பு தண்ணீரோடு காற்றையும் இழுக்கும். அப்போது நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் குழாய் காலியாகும். மணிக்கு ஆறங்குலம் இறங்கிக்கொண்டிருந்தது. கணக்குப் போட்டேன். பிற்பகல் இரண்டரை வரைதான்.

ஓய்வுபெற்றோர் சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று இப்போது பணியில் இருக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் திண்டுக்கல்லில் என் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். கிணற்றில் இப்போது ஒரு கருவி பொருத்தியிருக்கிறார்களாம். நீர்மட்டம் செல்போனிலேயே தெரியுமாம். காட்டினார்கள். நல்ல கருவி. முப்பது வருடத்துக்கு முன்னால் வந்திருந்தால் என் முதுகெலும்பு இன்னும் நேராக இருந்திருக்கும். ஆனால் அந்தத் திரையில் தெரிந்த எண்ணைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். நான்கடி சொச்சம். அந்தச் சித்திரை இருபத்தொன்று அப்படியே திரும்பி வந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் பணியாற்றியது நிலக்கோட்டைக்குத் தெற்கே, வைகை ஆற்றுக்குள் இருக்கும் ஒரு நீரேற்று நிலையத்தில். ஆற்று மணலுக்கு அடியில் நாலா பக்கமும் துளைக் குழாய்கள் கை நீட்டிக் கிடக்கும். மணலில் ஊறும் தண்ணீரை அவை நடுக்கிணற்றுக்குக் கொண்டுவரும். அங்கிருந்து சமவெளிக் கிராமங்கள் பத்துக்கு ஒரே குழாயில் தண்ணீர் போகும். கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டுப் பம்பு இயக்குபவராகச் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் வருடம் கிரீஸ் தடவினேன். இரண்டாம் வருடம் தடவிய கிரீஸைத் துடைத்தேன். மூன்றாம் வருடம் நாடாவைக் கையில் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை நான் அதைக் கீழே வைக்கவில்லை.

ஆறு இறங்கியதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சேர்ந்த புதிதில் கரையிலிருந்து கிணற்றுக்குப் போகும் நடைபாலத்திலிருந்து மணலில் குதிப்போம். பிறகு குதித்தால் முட்டி வலித்தது. பிறகு நான்கு படி வைத்த ஏணி போட்டோம். அப்புறம் ஏழு படி. கடைசியில் பதினொன்று. கிணறு உயரவில்லை. லாரி லாரியாக மணல் போனது. ஆறுதான் கீழே போனது. மணல் போன பிறகு தண்ணீர் தங்குவதற்கு இடம் ஏது? முன்பெல்லாம் சித்திரையிலும் கிணற்றில் பதினேழடி நிற்கும். அந்தக் காலத்தில் நாடா இறக்குவது ஒரு சடங்கு மாதிரி. பிற்பாடு அது காய்ச்சல்காரனுக்கு வைத்தியர் நாடி பார்ப்பது போல ஆகிவிட்டது.

என் பணிக்காலத்தில் ஏழு உதவிப் பொறியாளர்களின் கீழ் வேலை செய்தேன். மகேஸ்வரி அம்மையார் ஆறாவது. ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் ‘ங்க’ போட்டுப் பேசுவார். மோட்டாருக்குக்கூடப் போடுவார் என்று எங்கள் வால்வுக்காரர் வீரணன் கேலி பண்ணுவார். ஜீப்பிலிருந்து இறங்கியதும் அவர் இருக்கையில் உட்கார மாட்டார். கைப்பையிலிருந்து ஒரு எவர்சில்வர் தம்ளரை எடுப்பார். மாதிரி பிடிக்கும் குழாயைத் திறந்து, தம்ளர் நிறையப் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நின்றபடியே முழுவதையும் குடிப்பார். பிறகுதான் ‘சொல்லுங்க’ என்பார். ஒரு நாள் தண்ணீரில் லேசாகச் சேற்று வாடை அடித்தது. குடித்து முடித்துவிட்டு, “இதை நான் குடிச்சுட்டேனுங்க, ஊருக்கு அனுப்ப வேண்டாமுங்க” என்று பம்பை நிறுத்தச் சொன்னார். எங்களைக் கடிந்து ஒரு வார்த்தை இல்லை. கத்துகிற அதிகாரிகளைப் பார்த்துப் பழகியவனுக்கு இந்த அமைதி முதலில் பயமாக இருந்தது. எனக்கு எதற்கும் பயம்தான். வீட்டுப் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்காமல் நான் தெருமுனையைத் தாண்டியதில்லை.

முந்தின கோடையில், அவர் வருவதற்கு முன்பு, கிணறு வற்றிக் குழாய் காலியாகிவிட்டது. காலிக் குழாயில் மறுபடி தண்ணீரை ஏற்றும்போது உள்ளே அடைபட்ட காற்று முன்னால் ஓடும். போக வழியில்லாத இடத்தில் பழைய குழாயை உடைத்துக்கொண்டு வெளியேறும். மூன்று இடத்தில் உடைத்தது. மூன்றும் கடைசி ஊரான கரட்டுப்பட்டிக்குப் பக்கத்தில். அந்த ஊரில் எத்தனை ஆழ்துளை போட்டாலும் புகைதான் வரும். குழாய்த் தண்ணீரை விட்டால் வேறு தண்ணீர் இல்லை. பத்தொன்பது நாள் தண்ணீர் போகவில்லை. அந்த ஊர் மேல்நிலைத் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பேச்சியம்மாளை ஊர் ஜனம் தொட்டிக்கு அடியிலேயே நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டது. அவர் என்ன செய்வார், பாவம்.

அந்தச் சித்திரை இருபத்தொன்று காலை ஏழு மணிக்கு அதே பேச்சியம்மாள்தான் போனில்.

“சாரே, இன்னைக்குச் சாயங்காலம் எங்க மொறை. ஒம்பது நாளாச்சு. தண்ணி வாரதுதான?”

“வரும்மா.”

“நீங்க இழுத்துச் சொல்றதப் பாத்தா வராது போல இருக்கே.”

“வரும்னுதான சொல்றேன்.”

“போன வருசம் மாதிரி லைனு காஞ்சுச்சுன்னா, இங்க ஒரு குடும்பம் தங்காது சாரே. அம்புட்டுப் பேரும் மூட்டையக் கட்டிருவாக. பாதிப் பேரு இப்பவே கட்டித்தான் வச்சிருக்காக. எனக்குக் கோவத்துல ஏச வரல, அழுகதான் வருது.”

போனை வைத்துவிட்டு மறுபடி நாடாவை இறக்கினேன். முக்கால் மணி நேரத்தில் புதிதாக என்ன தெரிந்துவிடப் போகிறது? இருந்தாலும் இறக்கினேன்.

எங்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. மேலே அணையிலிருந்து குடிநீருக்கென்று மூன்று நாள் தண்ணீர் திறந்து, முந்தின மாலைதான் மூடியிருந்தார்கள். காய்ந்த ஆற்றில் தண்ணீர் மெதுவாகத்தான் வரும் என்றாலும், விடியற்காலையில் எங்கள் கிணற்றைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். ஆற்றைப் பார்த்தேன். மணல் வெள்ளை வெளேரென்று கிடந்தது. ஒரு நாய் நடு ஆற்றில் காலை நீட்டிப் படுத்திருந்தது. தண்ணீர் வருகிற ஆற்றில் நாய் அப்படிப் படுக்காது.

அம்மையார் ஏழேகாலுக்கு வந்தார். தம்ளர், குழாய், வெளிச்சம், எல்லாம் முடிந்தது.

“சொல்லுங்க.”

சொன்னேன்.

“ஏனுங்க சவரிமுத்து, உங்க கணக்குல எத்தனை மணி வருதுங்க?”

“ரெண்டரைங்க மேடம்.”

“வால்வைக் குறைச்சா?”

“இழுப்பைக் குறைச்சா மணிக்கு அஞ்சங்குலம்தான் இறங்கும். நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால வரைக்கும் தள்ளலாம்.”

“கிளை வால்வு எல்லாத்தையும் மூடிட்டா, பம்பு நின்ன பொறவு குழாய் எவ்வளவு நேரம் நிறைஞ்சு நிக்குமுங்க?”

“முக்கால் மணி. அதுக்கு மேல மேட்டுல காத்துப் புகுந்துரும்.”

அவர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். “அப்ப நமக்கு நாலரை மணி வரைக்கும் உசுருங்க. தண்ணி எங்க நிக்குதுன்னு நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்க. நான் இங்க இருக்கேனுங்க.”

வழிநெடுக இருந்த ஆட்களுக்குப் போன் போட்டு, பம்பு நிற்கிற நேரத்தில் பத்து ஊர்க் கிளை வால்வுகளையும் மூடிவிடச் சொன்னார். ஊருக்கு ஊர் வசவு விழுந்திருக்கும். அதையெல்லாம் அவர் போனில் ‘சரிங்க, சரிங்க’ என்றே வாங்கிக்கொண்டார்.

வீரணனின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்தேன். கரையோர மண்பாதையில் மேற்கே போனோம். வண்டி குதித்த குதியில் என் மூக்குக் கண்ணாடி இரண்டு தடவை கழன்றது.

“மெதுவாப் போப்பா.”

“தண்ணியப் பிடிக்கப் போறமா, பொண்ணு பாக்கப் போறமாண்ணே?”

மூன்றாவது கிலோமீட்டரில், ஒரு வளைவு தாண்டியதும், வீரணன் பிரேக் போட்டார். நான் அவர் முதுகில் மோதினேன். எதிரே கொக்குகள்! நூறுக்குக் குறையாது. கொக்குகளுக்கு நடுவே தண்ணீர்! கரைக்குக் கரை, ஒரு சின்னக் கண்மாய் போலத் தளும்பிக்கொண்டு, வானம் தெரிகிற தண்ணீர். எத்தனை மாதம் ஆயிற்று வைகையில் வானத்தைப் பார்த்து! வயதை மறந்து “ஏலே, தண்ணிலே!” என்று கத்திவிட்டேன். வீரணனை நான் அதற்கு முன் ‘ஏலே’ என்றதே இல்லை.

பிறகுதான் கவனித்தோம். தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. ஓடவில்லை. ஆற்றின் குறுக்கே மணல் மூட்டைகளை ஆளுயரத்துக்கு அடுக்கி, நடுவே களிமண் அப்பி, அழகாக அடைத்திருந்தார்கள். கரையில் பந்தல். வாழைமரம். ஒலிபெருக்கிக் குழாய். பூசாரித்தோப்புக்காரர்கள்.

மறுநாள் பௌர்ணமி. அந்த ஊர்ச் சாமி குதிரை வாகனத்தில் ஆற்றில் இறங்கும் நாள். ஆற்றில் தண்ணீர் இருந்தவரை ஆற்றிலேயே இறங்கியது. தண்ணீர் நின்ற பிறகு, மணலில் பள்ளம் தோண்டி லாரித் தண்ணீரை ஊற்றி இறக்கினார்கள். வெறும் மணல் எத்தனை லாரியைத்தான் நிறுத்தி வைக்கும்? முந்தின வருடம் சாமி வந்து சேர்வதற்குள் தண்ணீர் உறிஞ்சிப்போய், வாகனம் தூக்கினவர்கள் சேற்றில் நின்றார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் அதைப் போனில் படம் எடுத்துச் சிரித்தார்கள். அதனால் இந்த வருடம் வந்த தண்ணீரை ராத்திரியோடு ராத்திரியாக மறித்துவிட்டார்கள். அணை மூடிவிட்டதால், அங்கே நின்றதுதான் இருக்கிற மொத்தத் தண்ணீரும்.

விழாக் குழுத் தலைவர் காசிமாயன் எனக்கு முகப்பழக்கம் உள்ளவர். நல்ல மனிதர். ஆனால் அன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

“வாங்க சவரி சார். என்ன, தண்ணியத் தேடி வந்தீகளா?”

“காசி, கிணறு சாயங்காலத்துக்குள்ள வத்திரும். கரையை வெட்டி விடுப்பா.”

“நாளைக்கு எட்டு மணிக்கு வெட்டி விட்டுர்றோம். சாமி இறங்கி ஏறட்டும்.”

“நாளைக்கு எட்டு மணிக்கு அங்க குழாயே இருக்காதுப்பா. கரட்டுப்பட்டியில சனம் ஒம்பது நாளாக் காத்துக் கெடக்கு.”

“எங்க சாமி ரெண்டு வருசமாக் காத்துக் கெடக்கு.”

கூட்டத்திலிருந்து ஒருவர், “வேதக்காரவுக வந்து நம்ம சாமிக்குத் தண்ணி அளக்குறாக பாருங்கப்பா” என்றார். சிரிப்பு எழுந்தது. நான் கிறிஸ்தவன் என்பதற்கான குத்தல் அது.

“அளக்கத்தான் வந்திருக்கேன், அது என் உத்தியோகம். எம்புட்டு ஆழம் வேணும்னு சொல்லுங்க, அதையும் அளந்துருவோம்” என்றேன்.

“முழங்கால் அளவு.”

“யார் முழங்கால்? உன் முழங்காலா, உன் மச்சினன் முழங்காலா? ரெண்டுக்கும் நடுவுல ஒரு சாண் இருக்கே.”

காசிமாயனின் மச்சினன் தங்கப்பாண்டி குட்டையானவர். மல்லிகைப்பூ ஏற்றும் வேன் வைத்திருந்தார். அவரே முதலில் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் கொஞ்சம் இடம் கிடைத்தது. நான் அம்மையாருக்குப் போன் போட்டேன்.

அவர் ஜீப்பில் வந்து இறங்கினார். செருப்பைப் பந்தல் ஓரமாகக் கழற்றி வைத்தார். நாற்காலி போட்டார்கள், வேண்டாம் என்று மணலிலேயே உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் மற்றவர்களும் உட்கார வேண்டியதாயிற்று. உட்கார்ந்தவர்களால் நின்றவர்கள் போலச் சத்தம் போட முடியாது. இதை நான் அன்றுதான் கவனித்தேன்.

“நான் கரையை வெட்டச் சொல்லி வரலீங்க. நீங்க சொல்லுங்க, சாமி இறங்க என்னென்ன வேணுமுங்க?”

“விடிஞ்சு ஆறு மணிக்கு முழங்கால் தண்ணி வேணும்மா.”

“எத்தனை அகலமுங்க?”

“வாகனம் திரும்பணும். இருபதுக்கு இருபதாச்சும் வேணும்.”

“லாரித் தண்ணி ஆகாதுங்களா?”

“ஆகாது. போன வருசம் பட்ட அசிங்கம் போதும். ஆத்துத் தண்ணிதான் வேணும். காலுக்குக் கீழ ஆத்து மணல் இருக்கணும்.”

அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார். ஆற்றுத் தண்ணீர். முழங்கால். இருபதுக்கு இருபது. காலுக்குக் கீழே மணல். விடிந்து ஆறு மணி. பிறகு, “அதுக்கு இந்தக் கண்மாய் முழுசும் வேணுமுங்களா?” என்று கேட்டார்.

தங்கப்பாண்டி தலையைச் சொறிந்தார். “மாமா, பூச்சந்தையில தார்ப்பாய் கெடக்குல்ல. பூ மூடுற தார்ப்பாய். பள்ளத்தைத் தோண்டி அதை விரிச்சு, மேல மணலக் கொட்டி, இந்தத் தண்ணியவே எஞ்சின வச்சு எறைச்சு நிரப்பிட்டா? சொட்டு எறங்காது. மேல நிக்கிறது ஆத்துத் தண்ணி, கீழ கெடக்குறது ஆத்து மணலு.”

காசிமாயன் மச்சினனை முறைத்தார். “இத்தன நாளா இந்தப் புத்தி எங்க போச்சுடா ஒனக்கு?”

“நீங்க என்னைய எங்க பேச விட்டீக?”

சரி என்றார்கள். ஆனால் காசிமாயன் கையை உயர்த்தினார். “அம்மா, நீங்க நாளைக்கே மாத்தலாகிப் போயிருவீக. பள்ளத்துல தண்ணி நிக்கலேன்னா நாங்க யாரைப் பிடிக்கிறது? செலவு யாரு? பொறுப்பு யாரு?”

அம்மையார் வாயைத் திறப்பதற்குள், “நான்” என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வீட்டுக் கூரை ஒழுகினால்கூட மூன்று கொத்தனாரிடம் விலை கேட்கிறவன் நான்.

மணி பத்தரை. அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் கால் தரையில் நிற்க மாட்டேன் என்கிறது. ஒரு பொக்லைன் இயந்திரத்தைத் தென்னந்தோப்பு ஒன்றிலிருந்து பிடித்து வந்தார் வீரணன். அது பள்ளம் பறித்தது. தங்கப்பாண்டியின் வேன் நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குப் பறந்து நான்கு தார்ப்பாய்களோடு திரும்பியது. விரித்தபோது உள்ளே ஒட்டியிருந்த மல்லிகை மொட்டுகள் உதிர்ந்தன. ஆறு முழுக்க மணத்தது. விளிம்புகளை ஒன்றன் மேல் ஒன்றாக முழ அகலத்துக்கு ஏற்றிப் போடச் சொன்னேன். மேலே ஒரு சாண் மணல் கொட்டினார்கள். டீசல் எஞ்சின் இறைக்கத் தொடங்கியது. நான் தங்கப்பாண்டியைப் பள்ளத்துக்குள் நிறுத்தி, அவர் முழங்காலில் சுண்ணாம்பால் கோடு போட்டேன். அதற்கு மேலே இன்னொரு கோடு, இரவில் ஆவியாகப் போவதற்கு.

“அண்ணே, சாமிக்கு வேல செய்யிறேன்னு நிக்கிறேன், என்னைய அளவுகோலாக்கிட்டீகளே.”

“அசையாத அப்பு.”

இரண்டாவது கோட்டைத் தண்ணீர் தொட்டபோது மணி ஒன்றரை. அம்மையார் கிணற்றுக்குத் திரும்பியிருந்தார். காசிமாயன் கற்பூரம் காட்டிவிட்டு, மண்வெட்டியை எடுத்துக் கரையில் முதல் வெட்டு அவரே வெட்டினார். பொக்லைன் இரண்டாவது வெட்டு. மூட்டைகள் சரிந்தன. தண்ணீர் ஒரு கணம் யோசிப்பது போல நின்று, பிறகு ‘ஹோ’வென்று பாய்ந்தது.

அந்த இரைச்சலைக் கேட்டதும் ஊரே கத்தியது. நானும் கத்தினேன். ஆனால் எனக்குத் தெரியும், பாதி வேலைதான் முடிந்தது. அங்கிருந்து கிணறு வரை ஆற்றில் மணல் அள்ளிய பள்ளங்கள் கிடந்தன. ஒவ்வொரு பள்ளமும் வயிறு நிறையக் குடித்த பிறகுதான் தண்ணீரை மேற்கொண்டு போக விடும். பொக்லைன் முன்னால் ஓடிப் பள்ளங்களின் ஓரமாக வாய்க்கால் பறித்தது. பின்னால் நாங்கள் மண்வெட்டிகளோடு ஓடினோம். பூசாரித்தோப்பு இளவட்டங்கள் இருபது பேர், கையில் காப்பும் கழுத்தில் மஞ்சள் துண்டுமாக. எங்களுக்குப் பின்னால் நுரையும் சருகுமாகத் தண்ணீரின் தலை.

“ஏலே, இந்தப் பக்கம் பள்ளம் குடிக்குது! மூட்டையப் போடு!”

“மூட்டை இல்ல மாமா!”

“நீ விழுந்து படுடா!”

ஒருவன் நிஜமாகவே உடைப்பில் படுத்துவிட்டான். அவன் மேல் மண்ணை வாரிப் போட்டு அடைத்துவிட்டு, பிறகு அவனை இழுத்து எடுத்தார்கள். சிரித்துக்கொண்டே எழுந்தான். எனக்கு மாரடைப்பு வராமல் போனது மாதாவின் கிருபை.

மூன்றே கால். போனில் அம்மையார். “எங்க வருதுங்க?”

“ரெண்டாவது வளைவுங்க மேடம். நாடா?”

“பதினஞ்சங்குலமுங்க.”

மூன்று ஐம்பது. “சவரிமுத்து, ஆம்பியர் முள்ளு ஆடுதுங்க. கிணத்துக்குள்ள உறிஞ்சுற சத்தம் கேக்குது.”

“மேடம், இன்னும் அஞ்சு நிமிசம் ஓட்டினா...”

“இல்லீங்க. நிறுத்திட்டேனுங்க.”

அவ்வளவுதான் சொன்னார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. இனி முக்கால் மணி நேரம். அதற்குள் தண்ணீர் வந்து, மணலுக்குள் இறங்கி, துளைக் குழாய்களுக்குள் புகுந்து, கிணற்றில் ஓரடிக்கு மேல் ஏற வேண்டும். நான் ஓடுவதை விட்டுவிட்டேன். முடியவில்லை. வீரணன் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போனார்.

நான்கு பத்துக்குத் தண்ணீரின் தலை எங்கள் நடைபாலத்தின் கீழே நுழைந்தது. நாய் எழுந்து கரைக்கு ஓடியது. நான் பதினொரு படி ஏணியில் ஏறிப் போய் நாடாவை இறக்கினேன். பதினொன்றரை அங்குலம். தண்ணீர் வெளியே மணல் மேல் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு நூல்கூட ஏறவில்லை. காய்ந்த மணல் தன் பங்கை முதலில் எடுத்துக்கொண்டது. நான்கு பதினெட்டு, அதே பதினொன்றரை. அம்மையார் என் பக்கத்தில் நின்று கிணற்றுக்குள் பார்த்தார். நான் மறுபடி இறக்கிய குண்டு கிணற்றுச் சுவரில் இடித்து மணி அடித்தது.

“மூச்சு விடுங்க சவரிமுத்து” என்றார்.

நான்கு இருபத்தாறு. பன்னிரண்டரை. அடுத்த மூன்று நிமிடத்தில் பதினான்கு. துளைக் குழாய் வாய்களில் களகளவென்று சத்தம் கேட்டது. முப்பத்தொன்றில் பதினேழு. “போடுங்க” என்றார். வீரணன் பொத்தானை அழுத்தினார். முள் துள்ளியது, ஆடியது, பிறகு நடுக்கோட்டில் போய் அசையாமல் நின்றது. அழுத்த மானியும் ஏறியது. குழாய் காலியாகவில்லை.

அம்மையார் கரட்டுப்பட்டி வால்வை மட்டும் திறக்கச் சொல்லிவிட்டுத் தம்ளரை எடுத்தார். புதுத் தண்ணீர் கலங்கல்தான். வெளிச்சத்தில் பார்த்தார். “இதை இன்னைக்கு வடிகட்டாமக் குடிக்கிறது கஷ்டமுங்க” என்று சொல்லிவிட்டு, குளோரின் மருந்தின் அளவைக் கூட்டச் சொல்லிவிட்டு, அதையும் குடித்தார்.

ஆறே காலுக்குப் பேச்சியம்மாள் அழைத்தார். பின்னால் ஏதோ இரைந்தது.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல சாரே. தொட்டியில விழுகுற சத்தம். நீங்களுஞ் செத்த நேரம் கேளுங்க.”

போனைத் தொட்டிக்குப் பக்கத்தில் பிடித்திருக்கிறார். கேட்டேன். எவ்வளவு நேரம் என்று அன்று எண்ணவில்லை.

மறுநாள் விடியற்காலை நான் போய்ப் பள்ளத்தை அளந்தேன். தங்கப்பாண்டியின் முழங்காலுக்கு ஒரு விரற்கடை மேலேயே நின்றது. மேளம், வாணவேடிக்கை. குதிரை வாகனம் இறங்கியது. தூக்கினவர்கள் சேற்றில் நிற்கவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். சந்தோஷத்தில் மூன்று சுற்றுக்குப் பதில் ஏழு சுற்று ஆடினார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் படம் எடுத்தார்கள், சிரிக்கவில்லை. ஆட்டத்தில் வாகனத்தின் மரக்கால் மணலைக் கிழித்து, அடியிலிருந்த தார்ப்பாயையும் கிழித்தது. இரண்டு தார்ப்பாய்கள்.

அம்மையார் செலவுக்கு அனுமதி கேட்டு எழுதினார். சாமி இறங்கும் பள்ளத்தை எந்தக் கணக்குத் தலைப்பில் சேர்ப்பது என்று கேட்டுத் திரும்பி வந்தது. அப்படி ஒரு தலைப்பு இல்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பொக்லைன் வாடகை மூவாயிரத்து எண்ணூற்று ஐம்பது. எஞ்சினும் டீசலும் தொள்ளாயிரம். தார்ப்பாய் வாடகை எண்ணூறு. கிழிந்த இரண்டுக்குப் பூ வியாபாரி வாங்கிய விலை நாலாயிரத்து நானூறு. எவ்வளவோ பேசிப் பார்த்தேன், ஐந்து ரூபாய் குறைக்கவில்லை. டீயும் வடையும் அறுநூற்று நாற்பது. இதில் மூவாயிரத்தை அம்மையார் என் சட்டைப் பையில் பலவந்தமாகத் திணித்தார். விழாக் குழு துண்டு போர்த்தி, தட்டில் ஐந்நூற்றொன்று வைத்துக் கொடுத்தது. என் மனைவியிடம் அன்று டீச் செலவை மட்டும்தான் சொன்னேன். இந்த மலர் எங்கள் வீட்டுக்கும் வரும், படிக்கட்டும். வந்தது போக, என் கையிலிருந்து போனது ஏழாயிரத்து எண்பத்தொன்பது ரூபாய்.